கல் இல்லாத ஊர்

பாட்டனாரின் சமாதி எங்கே இருக்கிறது என்று விசாரித்துக்கொண்டு வெளிநாட்டிலிருந்து வருகிறவர்கள் கண்டனூரில் திகைத்துப் போய்விடுகிறார்கள். பினாங்கிலோ சிங்கப்பூரிலோ பிறந்து, அங்கே சீனரும் கிறிஸ்தவரும் முஸ்லிம்களும் தங்கள் முன்னோரின் கல்லறையைத் துடைத்துப் பூ வைப்பதைப் பார்த்து வளர்ந்தவர்கள் அவர்கள். தங்களுக்கும் அப்படி ஓர் இடம் பூர்வீக ஊரில் இருக்கத்தானே வேண்டும் என்று நினைத்து வருகிறார்கள். ஊரிலோ பர்மாத் தேக்குத் தூண்கள் இருக்கின்றன. இத்தாலிச் சலவைக்கல் பாவிய தரை இருக்கிறது. முகப்பும் வளவும் இரண்டாங்கட்டுமாக ஒரு தெருவில் தொடங்கி மறுதெருவில் முடிகிற வீடுகள் இருக்கின்றன. இத்தனையும் கட்டியவர் எங்கே என்று கேட்டால், காட்டுவதற்கு ஒரு சாண் கல் கிடையாது. கடல் தாண்டிக் கல் கொண்டுவந்த மனிதர், தமக்கென்று ஒரு கல்லை ஒதுக்கிக் கொள்ளவில்லை.

காரணம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். நகரத்தார் எரிக்கிற வழக்கம் உள்ளவர்கள். ஊருக்கு வெளியே சுடுகாடு. அங்கிருந்து சாம்பல் சேதுவுக்கோ காவிரிக்கோ கங்கைக்கோ போய்விடும். கருமாதிக்காக ஊன்றுகிற கல்லைக்கூடக் காரியம் முடிந்ததும் எடுத்து நீரில் விட்டுவிடுகிறோம். கல் ஊன்றுவதும் கல் எடுப்பதும் ஒரே சடங்கின் இரண்டு பாதிகள் என்று வைத்திருக்கிற சமூகத்தில் கல்லறையைத் தேடினால் எப்படிக் கிடைக்கும்?

ஆனால், கல் இல்லை என்பதால் கணக்கும் இல்லை என்று முடிவு கட்டிவிடக் கூடாது. செட்டிநாட்டில், அதுவும் கண்டனூரில், கணக்கு இல்லாத விஷயம் ஒன்று உண்டா? நான் இங்கே சொல்ல வந்தது அந்தக் கணக்கைப் பற்றித்தான். அதற்கு முன்னால் கல்லைப் பற்றிக் கொஞ்சம் பேசிவிடலாம்.

மேல்நாட்டில் வம்ச சரித்திரம் தேடுகிறவர்களுக்கு இரண்டு ஊன்றுகோல்கள் உண்டு. ஒன்று கல்லறை, மற்றொன்று மாதாகோயில் பதிவேடு. இங்கிலாந்தில் எட்டாம் ஹென்றியின் மந்திரி தாமஸ் கிராம்வெல் 1538-ம் ஆண்டில் ஓர் உத்தரவு போட்டார். ஒவ்வொரு பங்கிலும் ஞானஸ்நானம், கல்யாணம், அடக்கம் ஆகிய மூன்றையும் ஏட்டில் எழுத வேண்டும் என்பது அந்த உத்தரவு. கத்தோலிக்கத் திருச்சபை 1614-ம் ஆண்டுச் சடங்கு நூலின் மூலம் மரணப் பதிவேட்டையும் கட்டாயமாக்கியது. ஆகவே, கல்லறை எழுத்து மழையில் அழிந்து போனாலும் ஏட்டில் தேதி நிற்கும். ஏழைக்குக் கல் கிடைக்காது. ஏட்டில் ஒரு வரி கிடைக்கும். கல்லைவிட ஏடு நியாயமானது என்பதற்கு இது ஒன்றே போதும்.

அந்த வழக்கம் நம் நாட்டுக்கும் வந்திருக்கிறது. சென்னை மாகாணத்தில் அடக்கம் செய்யப்பட்ட ஐரோப்பியர்களைப் பற்றிய பதிவுகளின் பிரதிகள், 1698-ம் ஆண்டு முதற்கொண்டு, லண்டன் பிரிட்டிஷ் நூலகத்தில் இந்தியா ஆபீஸ் ஆவணங்களோடு இருக்கின்றன. ஜூலியன் ஜேம்ஸ் காட்டன் என்ற சிவில் உத்தியோகஸ்தர் ஊர் ஊராகக் கல்லறை வாசகங்களைத் திரட்டி 1905-ல் ஒரு பெரிய புத்தகமாகவே வெளியிட்டார். தமிழ்க் கிறிஸ்தவக் குடும்பங்களுக்கும் இந்த வசதி உண்டு. நம் சிவகங்கைச் சீமையிலேயே சருகணி போன்ற பழைய பங்குகள் இருக்கின்றன. மதுரை மிஷனைச் சேர்ந்த ஏசு சபையாரின் பழைய காகிதங்களைக் கொடைக்கானல் மலையில் செண்பகனூர் ஆவணக் காப்பகத்தில் பாதுகாத்து வருகிறார்கள். கிறிஸ்தவ நண்பர் யாராவது தம் வம்சத்தைத் தேடினால், அவர் முதலில் போக வேண்டியது கல்லறைத் தோட்டத்துக்கு அல்ல. பங்குச் சாமியாரின் அலமாரிக்கு.

முஸ்லிம் அன்பர்களின் அடக்கத்தலத்தில் தலைமாட்டில் நிற்பது மீசான் கல். காயல்பட்டினம், கீழக்கரை போன்ற கடற்கரை ஊர்களில் எழுத்துள்ள பழைய மீசான் கற்கள் பல உண்டு. அவற்றில் காணும் ஆண்டு ஹிஜ்ரி ஆண்டு. அது நம் ஆண்டைவிடச் சுமார் பதினொரு நாள் குறைந்தது. முப்பத்து மூன்று ஹிஜ்ரி ஆண்டு சேர்ந்தால்தான் நமக்கு முப்பத்திரண்டு ஆகும். ஆகவே வெறுமனே ஓர் எண்ணைக் கூட்டி ஆங்கில ஆண்டாக்கினால் கணக்கு உதைக்கும்.

அப்படியானால் இந்துக்களுக்குக் கல்லறையே இல்லையா என்றால், அதுவும் சரியல்ல. தமிழ்நாட்டில் எத்தனையோ சமூகங்கள் இன்றும் புதைக்கிறவர்கள்தாம். எரிக்கிற குடும்பங்களிலும் பால்மணம் மாறாத குழந்தையை எரிப்பதில்லை, மண்ணுக்குத்தான் கொடுக்கிறோம். துறவியையும் எரிப்பதில்லை. குழியில் அமர்த்தி, மேலே லிங்கம் வைத்தால் சைவத் துறவி. துளசி மாடம் போன்ற பிருந்தாவனம் எழுப்பினால் மாத்வ சந்நியாசி. திருவொற்றியூர்க் கடற்கரையில் பட்டினத்தாரின் சமாதி இருப்பது உங்களுக்குத் தெரியும். நகரத்தார் தாங்கள் காவிரிப்பூம்பட்டினத்திலிருந்து வந்தவர்கள் என்று சொல்லிக் கொள்கிறார்கள். அந்தப் பட்டினத்து வணிகர் மரபில் ஊரறிந்த கல்லறை ஒன்று இருக்கிறதென்றால், அது எல்லாவற்றையும் துறந்துவிட்டுப் போனவருடையது! கணக்கைக் கடைசிவரை பார்த்தவர்களுக்குக் கல் இல்லை. கணக்கைக் கிழித்தெறிந்தவருக்குக் கல் இருக்கிறது.

இன்னும் பழங்காலத்துக்குப் போனால் நம் மாவட்டமே ஒரு பெரிய இடுகாடு. கீழடியை அடுத்த கொந்தகையில் 2020 முதல் நடந்த அகழாய்வில் முதுமக்கள் தாழிகளும் மனித எலும்புகளும் கிடைத்தன. ஆதிச்சநல்லூரில் 1876-ல் யாகோர் என்ற ஜெர்மானியரும், அவருக்குப் பிறகு அலெக்ஸாண்டர் ரீயும் தோண்டி எடுத்த தாழிகள் உலகப் பிரசித்தம். மணிமேகலைக் காலத்திலேயே சுடுதல், அப்படியே போட்டுவிடுதல், குழி தோண்டிப் புதைத்தல், கல்லறைக்குள் அடைத்தல், தாழியால் கவித்தல் என்று ஐந்து வகையும் ஒரே ஊர்ப்புறத்தில் நடந்ததாக அந்தக் காவியம் சொல்கிறது. போரில் விழுந்த வீரனுக்கு நடுகல். சோழ அரசர்களுக்குப் பள்ளிப்படைக் கோயில். ராஜேந்திர சோழன் தன் சிற்றன்னை பஞ்சவன்மாதேவிக்கு எடுப்பித்த பள்ளிப்படை பட்டீச்சரத்துக்குப் பக்கத்தில் இன்னும் நிற்கிறது. மருது சகோதரர்களைத் தூக்கிலிட்டது 1801 அக்டோபர் 24-ம் தேதி திருப்பத்தூரில். அவர்களுடைய சமாதி இருப்பது காளையார்கோயிலில். இறந்த இடம் வேறு, அடங்கிய இடம் வேறு, நினைவுச் சின்னம் வைத்த இடம் வேறு என்பதை மறந்தால் வம்ச சரித்திரம் தேடுகிறவன் குழம்பிப் போவான்.

இனி, கல் இல்லாத கண்டனூர்க்காரர் எங்கே போய்த் தேடுவது?

முதலில் கோயிலுக்குப் போக வேண்டும். நகரத்தாருக்கு இளையாத்தங்குடி, மாத்தூர், வைரவன்பட்டி, இரணியூர், பிள்ளையார்பட்டி, நேமம், இலுப்பைக்குடி, சூரக்குடி, வேலங்குடி என்று ஒன்பது நகரக் கோயில்கள் உண்டு. ஒவ்வொரு குடும்பமும் இவற்றில் ஒன்றைச் சேர்ந்தது. கல்யாணம் என்றால் கோயிலிலிருந்து மாலை வர வேண்டும். மாலை வந்தால் கணக்கில் ஏறும். கல்யாணமான தம்பதி ஒரு புள்ளி. அந்தப் புள்ளிக்குத்தான் வரி. தம்பதியில் ஒருவர் காலமாகிவிட்டால், மிஞ்சியவர் அரைப்புள்ளி.

இதைப் படிக்கிறவர்கள் கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டும். ஒரு மரணத்தை, 'இன்னார் இறந்தார்' என்று எழுதாமலே, ஒன்று அரையாகிவிட்டது என்ற கணக்கால் குறித்து வைக்கிற முறை இது. வரி வசூலுக்காக ஏற்பட்டதுதான். ஆனால் இரண்டு வருஷத்து ஏட்டைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறவனுக்கு, இடையில் எந்த வீட்டில் கேதம் விழுந்தது என்று தெரிந்துவிடும். மாதாகோயில் பதிவேட்டுக்கு நம்மிடம் உள்ள ஈடு இதுதான்.

அடுத்தது வீட்டுக்குள்ளேயே இருக்கிறது. கல்யாணத்தின்போது எழுதுகிற இசைகுடிமானத்தில் இரண்டு வீட்டார் பெயரும் ஊரும் கோயிலும் இருக்கும். மொய்ப்பண ஏட்டில் சுற்றத்தார் பெயர் வரிசையாக இருக்கும். விலாசம் என்று இவர்கள் சொல்கிற முன்னெழுத்துக்களைப் பாருங்கள். மற்றவர்களுக்குத் தகப்பனார் பெயரில் ஓர் எழுத்து என்றால், இவர்களுக்கு மூன்று நாலு தலைமுறை அதில் அடங்கிக் கிடக்கும். மூத்த பேரனுக்குப் பாட்டனார் பெயர் என்பதால், ஒன்றுவிட்ட தலைமுறையில் அதே பெயர் திரும்பி வரும். பாட்டனையும் பேரனையும் ஒருவராக எண்ணிவிடாமல் இருக்க அந்த விலாசமே துணை. பங்காளிகள் கூடி, முன்னோருக்குப் புது வேட்டியும் சேலையும் வைத்துப் படைக்கிற படைப்பு வீட்டில், யார் யாரை நினைத்துப் படைக்கிறார்கள் என்று ஒரு முதிய ஆச்சியிடம் கேட்டாலே பாதி வம்சாவளி வந்துவிடும். வளவில் வரிசையாக மாட்டியிருக்கும் படங்களின் அடியில் தோற்றமும் மறைவும் எழுதியிருந்தால், அதுதான் அந்த வீட்டுக் கல்லறை.

யாழ்ப்பாணத்தார் இதில் நம்மைவிட ஒரு படி மேலே போயிருக்கிறார்கள். அங்கே முப்பத்தோராம் நாள் காரியத்துக்கு, இறந்தவரின் வம்சத்தையும் வாழ்க்கையையும் அச்சிட்டு ஒரு புத்தகம் வழங்குவார்கள். அந்தப் புத்தகத்துக்கு அவர்கள் வைத்திருக்கிற பெயர் 'கல்வெட்டு'. அதில் இறந்த ஆண்டு, மாதம், பட்சம், திதி எல்லாவற்றையும் ஒரு வெண்பாவில் பூட்டி வைத்துவிடுவார்கள். கல் இல்லாவிட்டால் என்ன, காகிதத்தில் வெட்டலாமே!

திதி என்றதும் ஒரு சிக்கலைச் சொல்லியாக வேண்டும். நம் வீடுகளில் ஞாபகம் இருப்பது தேதி அல்ல, திதி. 'விக்கிரம வருஷம் ஆடி மாதம் தேய்பிறை சப்தமி' என்பார்கள். விக்கிரம வருஷம் 1880-லும் வந்தது, 1940-லும் வந்தது, 2000-லும் வந்தது. அறுபது வருஷத்துக்கு ஒருமுறை சுற்றிவரும் பெயரை வைத்துக்கொண்டு தாத்தாவைத் தேடுகிறோமா, தாத்தாவின் தாத்தாவைத் தேடுகிறோமா என்பதை முதலில் நிச்சயித்துக்கொள்ள வேண்டும். அதற்குப் பிறகு திதியை ஆங்கிலத் தேதியாக்க, எல். டி. சுவாமிக்கண்ணுப் பிள்ளை 1922-ல் வெளியிட்ட பெரும் பஞ்சாங்கத் தொகுதிகள் இருக்கின்றன. கல்வெட்டு ஆராய்ச்சியாளர்கள் மன்னர்களின் காலத்தை நிச்சயிக்கப் பயன்படுத்துகிற அந்த நூலைக்கொண்டு நம் வீட்டுப் பெரியவரின் காலத்தையும் நிச்சயிக்கலாம். பஞ்சாங்கத்துக்கு ராஜாவும் ஒன்றுதான், நாமும் ஒன்றுதான்.

தேதி கிடைத்துவிட்டால் சர்க்கார் ஏட்டோடு ஒத்துப் பார்க்கலாம். சென்னை மாகாணத்தில் 1899-ம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் கிராம முன்சீப்கள் பிறப்பு இறப்புக் கணக்கு எழுதினார்கள். பரம்பரைக் கிராம உத்தியோகங்கள் 1980-ல் ஒழிந்த பிறகு அந்த வேலை கிராம நிர்வாக அலுவலருக்கு வந்தது. பழைய ஏடுகளில் இறந்தவர் பெயருக்கு எதிரே காய்ச்சல், பேதி, அம்மை என்று ஒரே வார்த்தையில் காரணம் இருக்கும். ஒரே பக்கத்தில் அடுத்தடுத்துப் பத்து வரி 'பேதி' என்று வருகிறபோது, அந்த மாதம் ஊர் எப்படி இருந்திருக்கும் என்று கதை எழுதுகிறவனுக்குக்கூட யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

இதெல்லாம் ஊரிலே இறந்தவர்களுக்கு. கடல் கடந்து இறந்தவர்களுக்கு?

அங்கேயும் கணக்குத்தான் கைகொடுக்கிறது. சொத்து இருந்த இடத்தில் வரி இருக்கும். வரி இருந்த இடத்தில் மரணத் தேதி இருக்கும். தேவகோட்டை அருணாசலம் செட்டியார் குடும்பத்தில் 1934-ல் மகனும் 1938-ல் தகப்பனாரும் காலமானார்கள். இலங்கையில் இருந்த சொத்துக்கு மரண வரி உண்டா, கூட்டுக் குடும்பத்துச் சொத்துக்கு அது பொருந்துமா என்ற வழக்கு ஏறி ஏறி லண்டன் பிரிவி கவுன்சில் வரைக்கும் போய், 1957-ல் குடும்பத்தாருக்குச் சாதகமாகத் தீர்ப்பாயிற்று. எந்தக் கல்லறையிலும் பொறிக்காத அந்த இரண்டு மரணங்களும் சட்டப் புத்தகங்களில் நிரந்தரமாக இடம் பெற்றுவிட்டன. கல்லறையை நம்பினால் அதுவும் சில காலந்தான். சிங்கப்பூர் பிடாடாரி இடுகாட்டில் 2001-க்குப் பிறகு குழிகளைத் தோண்டி எடுத்து அப்புறப்படுத்தி, அந்த நிலத்தில் வீடுகள் கட்டிவிட்டார்கள்.

ஆனால் வரியும் வழக்கும் எட்டாத ஒரு கூட்டம் உண்டு. அவர்கள் பர்மாவிலிருந்து நடந்தவர்கள்.

1930 வாக்கில் பர்மாவில் ஏறக்குறைய 1,650 செட்டியார் கடைகள் இருந்தன. 1938-ல் முக்கியமான பதின்மூன்று நெல் ஜில்லாக்களில் கால்பங்கு நிலம் இவர்கள் கைக்கு வந்துவிட்டிருந்தது. 1941 டிசம்பர் 23-ம் தேதி ரங்கூனில் ஜப்பானியர் குண்டு விழுந்தது. கப்பல் கிடைத்தவர்கள் கப்பலில் வந்தார்கள், கிடைக்காதவர்கள் நடந்தார்கள். நாலு லட்சம் பேருக்கு மேல் இந்தியர்கள் அந்த வழிகளில் வெளியேறினார்கள். புரோமிலிருந்து தௌங்கப் கணவாய் வழியே அரக்கானுக்குப் போன பாதையில் காலரா கொள்ளை கொண்டது. மாண்டவர்களின் எண்ணிக்கை பத்தாயிரம் என்பாரும் உண்டு, ஐம்பதாயிரம் என்பாரும் உண்டு. ரங்கூனுக்கு வடக்கே தௌச்சான் யுத்த மயானத்தில், கல்லறை அறியப்படாத சிப்பாய்கள் சுமார் இருபத்தேழாயிரம் பேரின் பெயர்களைத் தூண்களில் வெட்டி வைத்திருக்கிறார்கள். இந்தியப் பெயர்கள் அவற்றில் ஏராளம். மூட்டை சுமந்து நடந்த கணக்கப்பிள்ளைக்கும் கூலிக்காரருக்கும் அப்படி ஒரு தூண் கிடையாது.

கண்டனூர்க் குடும்பம் ஒன்றில் எனக்குச் சொன்ன விஷயம் இது. பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார்கள்.

அந்த வீட்டுச் செட்டியார் டெல்டாப் பக்கத்து ஊர் ஒன்றில் கடை பார்த்துக்கொண்டிருந்தார். மூன்று வருஷக் கணக்கு முடிகிற தறுவாயில் யுத்தம் வந்துவிட்டது. அவரோடு புறப்பட்ட பக்கத்து வீட்டுக்காரர் 1942 சித்திரையில் எலும்பும் தோலுமாக ஊர் வந்து சேர்ந்தார். "வழியிலே பிரிஞ்சிட்டோம். எனக்கு வேற ஒண்ணும் தெரியலை" என்று சொல்லிவிட்டார். அதற்குமேல் எத்தனை முறை கேட்டாலும் அதே பதில்.

வருஷங்கள் ஓடின. ஏழு வருஷம் செய்தி இல்லையென்றால் இறந்ததாகக் கொள்ளலாம் என்றது 1872-ம் ஆண்டுச் சாட்சியச் சட்டம். 2024 ஜூலையில் வந்த புதிய சட்டத்திலும் அந்த ஏழு வருஷம் அப்படியேதான் இருக்கிறது. பன்னிரண்டு வருஷம் ஆனால் தர்ப்பையால் உருவம் செய்து தகனம் பண்ணலாம் என்றது சாஸ்திரம். பங்காளிகளுக்குப் பாகப்பிரிவினை ஆக வேண்டியிருந்தது. ஊர்க்கணக்கில் அந்த வீட்டை ஒரு புள்ளி என்று எழுதுவதா, அரைப்புள்ளி என்று எழுதுவதா என்ற கேள்வியும் வந்தது. பெரியவர்கள் நாலு பேர் வளவில் வந்து உட்கார்ந்தார்கள். ஆச்சி கதவோரம் நின்று சொன்னாராம்:

"அண்ணே, நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும். ஆனா ஆளும் வரலை, ஓலையும் வரலை. எதை வச்சு என்னை அரைப்புள்ளியா எழுதுவீக? நான் முழு வரியே குடுக்கிறேன்."

கொடுத்தார். 1971-ல் கண்ணை மூடுகிற வரையில் கழுத்துத் தாலியோடு முழுப்புள்ளி வரி கொடுத்தார். அவர் போன பிறகு பிள்ளைகள் தகப்பனாருக்குத் திதி தெரியாமல், மகாளய அமாவாசையன்று எள்ளும் தண்ணீரும் இறைத்து வந்தார்கள்.

பிறகு பல வருஷம் கழித்து, பக்கத்து வீட்டை விற்பதற்காகச் சாமான்களை ஒதுக்கியபோது, பரணிலிருந்த பெட்டியில் ஒரு சிட்டைப் புத்தகம் கிடைத்தது. பர்மாவிலிருந்து நடந்து வந்தபோது மடியில் கட்டிக்கொண்டு வந்த வழிச்செலவுக் கணக்கு. அரிசி, உப்பு, ஓடக்கூலி என்று வரிசையாக எழுதிக்கொண்டு வந்தவர், விஷு வருஷம் மாசி மாதம் 9-ம் தேதியில், ஆச்சியின் கணவருடைய விலாசத்தைத் தலைப்பாகப் போட்டு, பற்று வரிசையில் 'கோடித்துணி வகையில் ரூபாய் இரண்டரை' என்று எழுதியிருந்தார். வேறு ஒரு வார்த்தை இல்லை. அந்தப் பற்றுக்கு வரவு வைக்கவும் இல்லை. தள்ளுபடி என்று அடிக்கவும் இல்லை.

உடன் வந்தவருக்குத் தம் கையால் கோடி போர்த்தியவர், செட்டிநாட்டு வழக்கப்படி அதைக் கணக்கிலும் எழுதிவிட்டார். ஆனால் அந்த இரண்டரை ரூபாயைக் கேட்டு வாங்க வேண்டுமானால் பக்கத்து வீட்டுப் படியேறிச் சங்கதியைச் சொல்ல வேண்டும். அதற்கு அவருக்கு மனம் துணியவில்லை. கொள்ளை நோய்க்குப் பயந்து சரியாகத் தகனம் பண்ணாமல் விட்டு வந்ததைச் சொல்ல நாணினாரோ, தினம் வாசலில் கோலம் போடும் ஆச்சியின் முகத்தைப் பார்த்து நாவெழவில்லையோ, யார் கண்டது? அவர் செய்தது தர்மமா என்று நான் பலரிடம் கேட்டிருக்கிறேன். ஆண்கள் பெரும்பாலும் 'பாவம், நல்ல மனிதர்' என்கிறார்கள். பெண்கள் அப்படிச் சொல்வதில்லை. "முப்பது வருஷம் ஒரு பொம்பளையைக் காக்க வைக்கிறதுக்கு அவரு யாரு?" என்றார் என் வீட்டுக்கு வந்திருந்த ஓர் அம்மாள். எனக்கும் அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை.

எப்படியானாலும் அந்த ஒரு வரியால் குடும்பத்துக்குத் தேதி கிடைத்தது. 1942 பிப்ரவரி மாதத்துப் பஞ்சாங்கத்தைப் பார்த்து வளர்பிறைத் திதி ஒன்றை நிச்சயித்துக்கொண்டார்கள். இப்போது மகாளயத்துக்குக் காத்திராமல் மாசியில் அவருக்குத் தனியே இலை போடுகிறார்கள். பக்கத்து வீட்டாரின் வாரிசுக்கு இரண்டரை ரூபாயைக் கொடுக்கப் போனபோது அவர்கள் வாங்க மறுத்துவிட்டார்களாம். பிறகு அதைக் கோயில் உண்டியலில் சேர்த்தார்கள்.

ஆகவே வம்ச சரித்திரம் தேடும் அன்பர்களுக்கு என் யோசனை இவ்வளவுதான். கல் இருக்கிற சமூகமானால் கல்லின் வகையை முதலில் பாருங்கள்; லிங்கமா, மீசானா, சிலுவையா என்பதே இறந்தவரைப் பற்றிப் பாதி சொல்லிவிடும். ஆனால் தேதிக்குக் கல்லை நம்பாமல் ஏட்டை நாடுங்கள். கல் இல்லாத சமூகமானால் திதியைக் கேளுங்கள். எந்த வருஷத்துச் சுற்று என்று தீர்மானியுங்கள். கோயில் புள்ளிக் கணக்கையும் முன்சீப்பின் ஏட்டையும் ஒத்துப் பாருங்கள். வரி, வழக்கு, உயில் என்று சொத்தின் பின்னாலேயே போங்கள். உங்கள் வீட்டு ஏடு மட்டும் போதாது. உங்கள் வீட்டு மரணம் பக்கத்து வீட்டுக் கணக்கில் எழுதியிருக்கலாம்.

செட்டிநாட்டு வீடுகள் ஒவ்வொன்றாக விலைக்குப் போய்க்கொண்டிருக்கின்றன. தூணுக்கும் நிலைக்கும் கதவுக்கும் விலை பேச ஆள் வருகிறார்கள். பழைய சிட்டையையும் பேரேட்டையும் எடைக்குப் போடுகிறார்கள். தூணை விற்றால் விற்றுக்கொள்ளுங்கள். காகிதத்தை மட்டும் ஒருமுறை பிரித்துப் பார்த்துவிட்டு எடை போடுங்கள்.